கோட்டையும் முற்றுகையும்: பெற்றோர் மொழி பற்றிய ஒரு நோக்கு

ஓட்டிசமுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் எழுதும் நூல்களை மருத்துவச் சான்றாகவோ பாசத்தின் வெளிப்பாடாகவோ மாத்திரம் நோக்குவது போதாது. அவற்றின் மொழியும் திறனாய்வுக்குரியதே. 1967இல் அமெரிக்காவில் வெளிவந்த இரு நூல்கள் இதனைத் தெளிவுறுத்தும். புறூனோ பெற்றல்ஹைம் தமது நூலுக்கு 'வெறுங்கோட்டை' எனப் பொருள்படும் தலைப்பிட்டார். பிள்ளையின் நிலைக்குப் பெற்றோரின், சிறப்பாகத் தாயின், புறக்கணிப்பே காரணம் என்பது அவரது வாதம். அதே ஆண்டில், ஓட்டிசமுள்ள சிறுமியொருத்தியின் தாயான கிளாரா கிளேபோர்ன் பார்க் எழுதிய நூலின் தலைப்பு 'முற்றுகை' எனப் பொருள்படுவது.

பெற்றல்ஹைமின் கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட தாய்மாருக்குப் பார்க்கின் நூல் பெருந்துணையாயிற்று. எனினும், உருவகத்தைப் பொறுத்தவரை இருவரும் ஒரே மதிலின் முன் நிற்பவர்களே. கோட்டை வெறுமையானதன்று, உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்பது தாய் கண்ட உண்மை. அது சிறிய வேறுபாடன்று. ஆயின் முற்றுகை என்பது போர்ச்சொல். மதில் தகர்ந்தால் வேறொரு பிள்ளை வெளிவருவாள் என்னும் எதிர்பார்ப்புக்கு அது இடமளிக்கின்றது.

இவ்வெதிர்பார்ப்பையே, ஓட்டிசமுள்ளவரான ஜிம் சின்கிளேயர் 1993இல் ரொறன்ரோ மாநாட்டில் பெற்றோரை நோக்கி ஆற்றிய உரையில் மறுத்தார். ஓட்டிசம் ஓர் ஓடு அன்று. அதனுள் 'இயல்பான' பிள்ளை எதுவும் ஒளிந்திருக்கவில்லை. பெற்றோர் புலம்புவது தாம் கற்பனை செய்த பிள்ளைக்காகவே என்பது அவர் கருத்து.

'ஓட்டிசமுள்ள மனிதர்' என மனிதரை முன்வைப்பதா, 'ஓட்டிச மனிதர்' என்பதா என்று ஆங்கிலத்தில் நீண்ட விவாதம் நிகழ்ந்துள்ளது. அங்கு அது பெரிதும் சொல்வரிசை பற்றியது. தமிழிலோ அடை எப்போதும் பெயருக்கு முன்னரே வரும்; எனவே அவ்வரிசைச் சிக்கல் நமக்கில்லை. நமது சிக்கல் வினையில் உள்ளது. 'பாதிக்கப்பட்ட', 'பீடிக்கப்பட்ட' என்பன பிள்ளையை நோயின் இரையாக்குவன. 'உள்ள' என்பது நிலையை மாத்திரம் கூறுவது. தமிழகத்தில் வழங்கும் 'மதியிறுக்கம்' என்னும் கலைச்சொல்லும் இவ்வகையில் மீள்நோக்கத்தக்கது. பெயரிடும்போதே அது மதியைப் பற்றித் தீர்ப்புக் கூறிவிடுகின்றது.

இதனாற் பெற்றோர் தம் துயரைப் பேசலாகாது என்பதன்று. 'நான் களைத்துவிட்டேன்' என்பது தாயின் உண்மை. 'இவள் எனக்குச் சுமை' என்பது பிள்ளையின்மேல் எழுதப்படும் தீர்ப்பு. முன்னதன் எழுவாய் தாய். பின்னதன் எழுவாய் பிள்ளை. மரியாதையின் எல்லை இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையிலேயே உள்ளது.

பார்க் முதல் நூலில் மகளைப் புனைபெயரால் மறைத்தார். 2001இல் வெளியிட்ட இரண்டாம் நூலில், அப்போது ஓவியராகிவிட்ட மகளை அவளது சொந்தப் பெயராலேயே அழைத்தார். முற்றுகையிடப்பட்ட கோட்டை பெயருடைய ஒரு பெண்ணாக மாறிய பயணம் அது. தாம் எழுதுவதைப் பிள்ளையே ஒருநாள் வாசிக்கக்கூடும் என்னும் நினைவோடு எழுதுதலே பெற்றோர் மொழிக்கு உரைகல்லாகும்.