தாயத்தும் காதலும்: 'ஷிராஸ்' படம் பற்றிய ஓர் ஆய்வு

இந்தியப் பேசாப்படங்களுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று 1928-இல் வெளிவந்த 'ஷிராஸ்'. நிரஞ்சன் பாலின் நாடகத்தைத் தழுவி, செருமானியராகிய பிரான்ஸ் ஆஸ்டன் இதனை இயக்கினார். குயவன் மகன் ஷிராஸாக ஹிமான்சு ராய் நடித்தார். குயவன் மனையில் வளர்ந்த செலிமாவை இளவரசன் குர்ரம் காதலித்து மணக்கின்றான். அவளே மும்தாஜ் ஆகின்றாள். இக்கதை வரலாறன்று, கற்பனையே. மேலோட்டமாக நோக்குவார்க்கு, இது குலங்கடந்த காதலைப் போற்றும் படமாகவே தோன்றும்.

அக்கருத்து ஆராய்தற்குரியது. அடிமையாக விற்கப்பட்டு அரண்மனை புகுந்த செலிமாவின்பால் இளவரசன் நெஞ்சம் சென்ற பின்னும் மணம் கைகூடவில்லை. அவள் அரசகுலத்தவள் என்பதைத் தாயத்து ஒன்று மெய்ப்பித்த பின்னரே கைகூடுகின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்ணும் பத்துவகை ஒப்பினுள் பிறப்பே முதலாவது. படம் அவ்வொப்பைக் கடக்கவில்லை. மறைத்து வைத்துப் பின்னர் வெளிப்படுத்துகின்றது.

இவ்வுத்தி தமிழுக்குப் புதிதன்று. வடசென்னைக் கடற்கரையிலுள்ள திருவொற்றியூரில், ஆதிசைவராகிய சுந்தரர் வேளாண்குலத்துச் சங்கிலியாரை மணந்தார். அதனைப் பாடும் சேக்கிழார், சங்கிலியார் முன்பு கயிலையில் உமையம்மையின் சேடியாயிருந்த அனிந்திதையே என்பர். ஆண்டுத் தாயத்து செய்த பணியை ஈண்டு முற்பிறப்புச் செய்கின்றது.

நெய்தற்பாட்டாகிய நற்றிணை 45 இத்துணையை நாடவில்லை. தேரில் வரும் செல்வன் மகனை நோக்கி, மீன் நாறும் எம் வாழ்வே எமக்கு நன்று என்றும், எம்மவருள்ளும் தலைமையுடையார் உளர் என்றும் தோழி கூறுகின்றாள். இது சேட்படையாதலின் முடிந்த மறுப்பன்று. ஆயினும், பரதவர் மகள் பரதவர் மகளாகவே நின்று பேசப்படுகின்றாள். மறைந்த அரசமகளாக அவளை மாற்ற வேண்டிய தேவை அப்பாட்டிற்கு இல்லை.

படத்தில் தாயத்து இல்லாதவன் ஷிராஸே. செலிமாவைத் தேடி அரண்மனை வரை சென்று, யானைக் காலில் இடறப்படும் தண்டனைக்கும் உள்ளான அவன் காதல் கைக்கிளையாகவே முடிகின்றது. கண்ணிழந்த முதுமையில் அவள் நினைவாகத் தாஜ்மகாலுக்கு வடிவம் அமைப்பதொன்றே அவனுக்கு எஞ்சும் உரிமை.

எட்டாண்டு கழித்து, 1936-இல், இம்மூவரும் மீண்டும் கூடிப் படைத்த 'அச்சூத் கன்யா' என்னும் பேசும்படத்தில் மறைபிறப்பு இல்லை. தீண்டாமைக்கு உட்பட்ட குலத்துப் பெண் புகைவண்டி மோதி மாய்கின்றாள். பிறப்பு ஒப்பின் மணம், ஒவ்வாதாயின் சாவு அல்லது பிரிவு என்னும் வரம்பு இரு படங்களிலும் ஒன்றே. ஆதலின், 'ஷிராஸ்' குலங்கடந்த காதலைக் காட்டிற்று என யாம் கொள்ளோம். எனினும், இளவரசன் பெயரை விடுத்துக் குயவன் மகன் பெயரைத் தனக்கு இட்டுக்கொண்டமையால், கடக்கப்படாத எல்லை யாண்டுளது என்பதை அது உணர்த்திவிட்டது.