ராயல்டி என்ற சொல்

சொந்தக் காசில் புத்தகம் போட்டுக்கொள்கிற எழுத்தாளனுக்கு ராயல்டி கிடையாது. கிடைத்தால், கிடைப்பது மிச்சம். இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதில் வரும் குழப்பம் சொல்லோடு நிற்பதில்லை.

தன் உரிமையை இன்னொருவனுக்குக் கொடுத்தவன் பெறுவது ராயல்டி. உரிமையை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் அது குறிப்பிடப்பட வேண்டும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். காகிதம், அச்சு, விற்காத பிரதிகளின் பாரம் எல்லாம் பதிப்பாளனைச் சேர்ந்தவை. எழுத்தாளனுக்கு விலையில் 10 சதவிகிதம் என்பது நம்மிடையே வழக்கு. கொடுக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

சி. சு. செல்லப்பா 'எழுத்து' பிரசுரங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். பதிப்பாளர், கடைக்காரர், சுமைகூலி மூவரும் அவரே. அதில் வந்த பணத்தை ராயல்டி என்று யாரும் சொல்லவில்லை. நஷ்டம் அவருடையது, கணக்கும் அவர் கையில் இருந்தது.

இன்று அமேசான் கிண்டிலில் தானே நூல் வெளியிடுகிறவனுக்கு வரும் தொகையை அந்த நிறுவனம் ராயல்டி என்றே எழுதுகிறது. அமெரிக்கச் சந்தையில் 2.99 டாலரிலிருந்து 9.99 டாலருக்குள் விலை வைத்தால் 70 சதவிகிதம் பெறலாம். அதிலும் கோப்பின் கனத்துக்கேற்ப அனுப்புகூலி கழியும். வரம்புக்கு வெளியே 35. இந்திய விற்பனையில் 70 வேண்டுமானால், 90 நாள் தவணைக்கு மின்நூலை வேறெங்கும் தருவதில்லை என்று ஒப்ப வேண்டும். பழைய பத்தோடு ஒப்பிட்டு இந்த எழுபதைக் கண்டு மயங்குகிறோம். பிழைதிருத்தம், அட்டை, விளம்பரம் எல்லாம் எழுத்தாளன் தலையில். கடைக்காரன் 30 எடுத்துக்கொள்கிறான் என்று சொல்வதே சரி.

சந்தா கட்டிப் படிப்பவர்கள் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. 2015 ஜூலையிலிருந்து, அவர்கள் படித்த பக்கங்களை எண்ணி, மாதந்தோறும் நிறுவனம் நிர்ணயிக்கும் பொதுத் தொகையில் பங்கு தருகிறார்கள். பக்கத்தின் விலை மாதம் முடிந்த பிறகே தெரியும். ஒரு வாசகன் ஒரு பக்கத்தைப் பத்து முறை படித்தாலும் முதல் வாசிப்புக்குத்தான் கூலி. திரும்பப் படிக்கப்படுவதிலேயே உயிர் கொள்வது கவிதை. அதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. நீட்டி எழுதுகிறவனுக்கு இருக்கிறது.

யாரும் அங்கே வெளியிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கிட்டங்கியும் தபால் செலவும் இல்லாமல் கடல்கடந்த வாசகனை எட்டுவது சிறிய காரியமில்லை. வருகிற பணம் எதன் விலை என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ராயல்டி என்று சொல்லிக்கொண்டால், யாரோ ஒரு பதிப்பாளன் நம் எழுத்தைத் தேர்ந்து, பணம் போட்டு, பொறுப்பேற்றிருக்கிறான் என்று ஒரு பிரமை உண்டாகிறது. அப்படி யாரும் இல்லை. எழுதியது வெளியிடத் தகுந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையும் எழுத்தாளனிடமே வந்துவிட்டது. செல்லப்பா அதையும் சேர்த்தே சுமந்தார். சதவிகிதத்தைப் பற்றி விசாரிக்கிற நண்பர்கள் இந்த வேலையைப் பற்றி என்னிடம் ஒருமுறையும் கேட்டதில்லை.