கானாடுகாத்தான் நகரத்தார் வீடுகள்

கானாடுகாத்தான் நகரத்தார் வீடுகள் என்பவை சிவகங்கை மாவட்டம், காரைக்குடிக்கு அருகிலுள்ள கானாடுகாத்தான் பேரூராட்சியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய பெருவீடுகள் ஆகும். பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940களுக்கும் இடையே கட்டப்பட்டவை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் (1881–1948) அரண்மனை இவற்றுள் பெயர்பெற்றது.

வரலாறு

நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் என்பது அவர்களது மரபு. கடல்வெள்ளத்தின் நினைவாகவே வீடுகளை உயர்ந்த அடித்தளத்தின் மேல் கட்டினர் என்ற கருத்தும் வழங்குகிறது. பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழிலில் ஈட்டிய பொருளே இவ்வீடுகளுக்கு முதல். 1930களின் பொருளாதாரப் பெருமந்தமும், 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த வருவாயை முறித்தன.

அமைப்பு

வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். திண்ணைகளுடன் கூடிய முகப்பு ஆண்கள் தொழில் பேசும் இடம். அதையடுத்து, முற்றத்தைச் சுற்றித் தூண்களும் அறைகளும் கொண்ட வளவு. பின்கட்டுகளில் பந்தி நடக்கும் கூடமும் அடுப்படியும் உள்ளன. மணமான மகன் ஒவ்வொருவருக்கும் வளவில் அறை உண்டு. அவர் மனைவியுடன் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடப்பட்டு, ‘வேறு வைத்தல்’ முறைப்படி தனியே சமைப்பார். முற்றம் அனைவருக்கும் பொது. திருமணமும் சடங்குகளும் அங்கேயே நடைபெறும்.

மதிப்பீடு

இவ்வீடுகளைப் பற்றி எழுதுவோர் பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் என்று பொருள்களையே அடுக்குகின்றனர். அவை செல்வத்தைக் காட்டுமேயன்றி வீட்டை விளக்கா. அடுப்பு தனி, முற்றம் பொது என்ற ஏற்பாடே இக்கட்டடக்கலையின் மையம். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் தத்தம் கணக்கோடு வாழ அது வழி செய்தது.

அந்த ஏற்பாடே இன்று அழிவுக்கும் காரணமாகிறது. தலைமுறைதோறும் பங்காளிகள் பெருகினர். பலர் வெளியூர்களில் வாழ்கின்றனர். பழுதுபார்க்கவும் விற்கவும் எல்லோருடைய இசைவும் வேண்டும். அது கிடைக்காத வீடு பூட்டிக் கிடந்து ஒழுகுகிறது. இடிக்கப்பட்டால் தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் செல்கின்றன. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்துள்ளன. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. எனினும் முகப்பை மட்டும் காப்பது பாதுகாப்பாகாது. பங்காளிகள் கூடி ஒரு சடங்கை நடத்தும் வளவு, பூச்சு உதிர்ந்திருந்தாலும், வீடாகவே நிற்கிறது.