அகுஸ்தீனாரின் பத்தாம் பகுதி

ஆகஸ்டு 27, 28 ஆகிய நாள்களில் மோனிக்கம்மாளின் கண்ணீரும் அகுஸ்தீனாரின் மனமாற்றமும் நம் ஆலயங்களில் மறையுரைப் பொருளாவது வழக்கம். மிலான் நகரத் தோட்டம், அத்திமரம், குழந்தையின் குரல், பவுலடியாரின் திருமடல் எனக் கேட்டுப் பழகிய நமக்கு, 386ஆம் ஆண்டின் அக்காட்சியோடு கதை முடிந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் 'அறிக்கைகள்' என்னும் அவரது நூல் 13 பகுதிகளைக் கொண்டது. தோட்டக் காட்சி எட்டாம் பகுதியிலேயே வந்துவிடுகிறது.

குடியினின்று மீண்டு, மீட்சியில் நிலைக்க விழைவோர்க்கு நாம் பரிந்துரைப்பது பத்தாம் பகுதியை. அதை எழுதும்போது அகுஸ்தீனார் ஹிப்போ நகரின் ஆயர். திருமுழுக்குப் பெற்றுப் பத்தாண்டுகள் கடந்திருந்தன. தாம் முன்பு எத்தகையவராய் இருந்தார் என்பதை விடுத்து, இப்பொழுது எத்தகையவராய் இருக்கிறார் என்று அறிக்கையிடப் போவதாகச் சொல்லியே தொடங்குகிறார். தமிழில் பாவத்தையும் 'அறிக்கையிடுகிறோம்', விசுவாசத்தையும் 'அறிக்கையிடுகிறோம்'. அவர் கையாண்ட இலத்தீன் சொல்லிலும் குற்றத்தை ஏற்பதும் இறைவனைப் புகழ்வதும் ஒன்றாகவே அடங்கியிருந்தன.

இந்த வேறுபாடு சிறிதன்று. செபக் கூட்டங்களில் கேட்கும் சாட்சியங்கள் பலவும் கடந்த காலத்தவை. பழைய வீழ்ச்சியை எடுத்துரைப்பதில் ஒருவித இன்பமும் உண்டு; பள்ளம் ஆழமாக ஆக, ஏறி வந்தவர் உயரமாகத் தெரிகிறார். பத்தாண்டுக்கு முன் விற்றுக் குடித்த நகையைப் பற்றி ஊரறியச் சொல்லிவிடலாம். இன்று காலை மனைவியிடம் சொன்ன பொய்யை யாரும் மேடையேற்றுவதில்லை.

அகுஸ்தீனார் இன்றைய காலையைத்தான் எடுத்துக்கொள்கிறார். உணவைப் பற்றிய அதிகாரத்தைப் பாருங்கள். குடிவெறி தம்மை அணுகவில்லை என்றும், உண்பதில் அளவு மீறுவது சில வேளைகளில் நேர்கிறது என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். உணவை மருந்துபோல் உண்ணவேண்டும். ஆயினும் உடலின் தேவை எங்கு முடிகிறது, ஆசை எங்குத் தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரிவதில்லை. அத்தெளிவின்மை ஆன்மாவுக்கு மகிழ்ச்சி தருகிறதாம்! தன் சாக்குப்போக்குக்கு அதுவே கேடயமாகிறது. உடல்வலிக்கு ஒரு மிடறு, உறக்கத்துக்கு ஒரு மிடறு என்று கணக்குச் சொல்லும் மனத்தை இதைவிடக் கூர்மையாகக் கண்டவர் அரியர்.

நம்மை இன்னும் ஆழமாய்த் தைப்பது புகழ்ச்சியைப் பற்றி அவர் எழுதியது. செல்வத்தின்மேல் பற்றுண்டா என்று அறிய, அதைத் துறந்து பார்க்கலாம். புகழின்மேல் பற்றுண்டா என்று அறிவதற்காகத் தீயவராக வாழ்ந்து பார்க்க இயலுமா? ஆகவே இவ்வொன்றில் தம்மைத் தமக்கே தெரியவில்லை என்று இறைவன்முன் ஒப்புக்கொள்கிறார். குடியை விட்டவரைப் பங்கு முழுவதும் போற்றும்போது அவருள் நிகழ்வது என்ன? விட்டது இறைவனுக்காகவா, அப்போற்றுதலுக்காகவா? விடை கிடைக்காத கேள்வியைச் செபத்தில் வைத்திருப்பதும் நேர்மைதான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் 1939இல் வெளியிட்ட பன்னிரு படிகளில் பத்தாவது, தன்னாய்வை நிறுத்தாமல் தொடரும்படி சொல்கிறது. முதற்படியோடு நின்றுவிடுவோர் இதையும் கருதவேண்டும்.

இப்பகுதியின் நடையே அதன் நேர்மைக்குக் காவல். வாசகரை முகம் நோக்கிப் பேசியிருந்தால் அவர் தம்மைச் சற்று அழகுபடுத்தியிருக்கக்கூடும். 'நீர்' என்று இறைவனை விளிக்கும் வாக்கியத்தில் அதற்கு இடமில்லை. கேட்பவர் முன்பே அறிந்தவர்.

எனினும் தனித்த செபமே போதும் என்று அவர் சொன்னதாகக் கொள்ளலாகாது. ஒன்பதாம் பகுதியில் தம் தாயின் இளமைக்கால நிகழ்வொன்றைப் பதிந்திருக்கிறார். மோனிக்கம்மாளே மகனிடம் சொன்னது அது. மிடாவிலிருந்து திராட்சை மது எடுத்துவர அனுப்பப்பட்ட சிறுமி, விளையாட்டாய் நுனி இதழால் சுவைத்தாள். நாளுக்கு நாள் சிறிது கூடிக் கிண்ணங்களாயிற்று. உடன் செல்லும் வேலைக்காரப் பெண் ஒரு சண்டையில் 'குடிகாரி' என்று இகழ்ந்தபோதுதான் அவள் தன்னைக் கண்டாள், விட்டாள். இகழ்ந்தவளின் நோக்கம் திருத்துவதன்று, புண்படுத்துவது. அச்சினத்தையும் இறைவன் மருந்தாக்கினார் என்கிறார் மகன். நம் மறையுரைகளில் கண்ணீர் வடிக்கும் மோனிக்கம்மாள் வருகிறார். இந்த மோனிக்கா ஏனோ வருவதேயில்லை. தன் கண்ணுக்குத் தெரியாததைப் பிறர் சொல்லக் கேட்கவேண்டும் என்பதாலன்றோ ஒப்புரவு அருட்சாதனத்தில் நம்முன் ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார்?

குறையும் உண்டு. பல்லி ஈயைப் பிடிப்பதை நின்று பார்த்ததைக்கூட அகுஸ்தீனார் குற்றக்கணக்கில் எழுதுகிறார். படைப்பை வியக்கும் கண்ணுக்கு இவ்வளவு கடுமை வேண்டியதில்லை. நொந்த மனத்தவர் இவ்விடத்தை அப்படியே பின்பற்றினால் தேவையற்ற அச்சத்தில் சிக்குவர். நினைவாற்றலை ஆராயும் முற்பாதியும் எளியதன்று.

முதன்முறை படிப்பவர் 30ஆம் அதிகாரத்தில் தொடங்கலாம். இரவு செபத்துக்கு முன் ஓர் அதிகாரம் போதும். 43ஆம் அதிகாரத்தில் இப்பகுதி நிறைவுறுகிறது. உணவிலும் பானத்திலும் தம்மைக் குற்றம் கண்டவர், அங்கே தம் மீட்பின் விலையாகிய கிறிஸ்துவை உண்பதையும் பருகுவதையும் பிறர்க்குப் பகிர்வதையும் பேசுகிறார்.