‘பூநகரியால’, ‘ஈ.சி.ஆர். வழியா’

சென்னையிலிருந்து சனிக்கிழமை காலை புதுச்சேரிக்குக் கிளம்பும் குடும்பத்தில், கார் சாவியை எடுக்கும் முன்பே ஒரு கேள்வி எழுந்துவிடும்: “ஜி.எஸ்.டி. ரோட்ல போய்த் திண்டிவனத்துல திரும்பிடலாமா, இல்ல ஈ.சி.ஆர். வழியா போலாமா?” யாழ்ப்பாணத்திலிருந்து மடுக் கோயிலுக்குப் புறப்பட்ட வானில் இதே கேள்வி நாவற்குழிச் சந்தியில் எழும். சாரதி கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக் கேட்பார்: “அக்கா, ஏ-9ஆல விடட்டோ, பூநகரியால போவமோ?”

ஒரு கரையில் ‘வழியா’, மறு கரையில் ‘ஆல’. இரண்டு கேள்விக்கும் பொருள் ஒன்றுதான். சேரும் இடம் தெரிந்துவிட்டது, நேரமும் கொஞ்சம் இருக்கிறது, எந்தச் சாலை கண்ணுக்கு இதமானது என்று கேட்கிறார்கள். ஆனால் இப்படிக் கேட்கும் நிலைக்கு இரண்டு கரைகளும் வந்து சேர்ந்த விதம் ஒன்றல்ல.

தமிழ்நாட்டில் நாலுவழிச் சாலைதான் சுற்றுவழியைப் பிறப்பித்தது. 1999இல் தொடங்கி 2012இல் முடிந்த தங்க நாற்கரத் திட்டம் 5,846 கிலோமீட்டர் நீளத்துக்கு டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைத்தது. அதையொட்டி மற்ற நெடுஞ்சாலைகளும் அகலமாயின. பைபாஸ் வந்த ஊர்களின் கடைத்தெருவும் தேரடியும் பயணியின் கண்ணிலிருந்து விலகிப்போயின. சுங்கச்சாவடிக்கும் சுங்கச்சாவடிக்கும் நடுவே தார், தடுப்புச் சுவர், அரளிச் செடி. ஊர் பார்க்க வேண்டுமென்றால் சாலையிலிருந்து இறங்கியாக வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் ‘அந்தப் பக்கமா சுத்திப் போலாம்’ என்ற பேச்சுக்கே ஒரு ருசி வந்தது.

புதுச்சேரிப் பயணத்தில் அந்த ருசி மாமல்லபுரத்துக்குத் தெற்கே கிடைக்கிறது. கடப்பாக்கத்தில் இடதுபுறம் பிரியும் ஊர்ச்சாலை, கழிமுகத்தின் ஓரம் சிதைந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டையில் முடியும். முகலாயர் காலத்தில் எழுந்து, பின்னர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது. இங்கே ஒரு காலத்தில் நாணயச்சாலை இயங்கியது. இன்று செங்கல் சுவர்களுக்கு அப்பால் மீன்பிடிப் படகுகள்தான். இன்னும் தெற்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். அவற்றை அடுத்துள்ள கழுவேலி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

இந்தப் பகுதிக்குப் பயணத்தோடு மிகப் பழைய உறவு உண்டு. ஆலம்பரை இருப்பது இடைக்கழிநாட்டில். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். பரிசில் பெறப் போகும் பாணனுக்கு அவர் வழி சொல்லும்போது கடற்கரை எயிற்பட்டினம், முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர் என ஊர் ஊராக நிறுத்தி, எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் சொல்லித்தான் கிடங்கிலுக்கு அனுப்புகிறார். கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். சனிக்கிழமைக் கார்கள் ஓடும் நிலமும் அதுவே.

இலங்கையின் வடக்கில் கதை வேறு. அங்கே நெடுங்காலம் நேர்வழியே இல்லை. 1990களில் போரால் ஆனையிறவுப் பாதை அடைபட்டபோது மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் படகேறிக் கடந்தார்கள். 2002இல் ஏ-9 திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. அதன் பிறகு தென்னிலங்கைக்குப் போக வேண்டியவர்கள் காங்கேசன்துறையில் அனுமதியோடு கப்பலேறித் திருகோணமலையில் இறங்கினார்கள். வழியைத் தெரிவு செய்வது அவர்கள் நினைத்தும் பார்க்க முடியாத காரியமாக இருந்தது.

போர் முடிந்தபின், 2011 ஜனவரியில், 288 மீட்டர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் ‘பாதை’ ஓடியது. வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு ஈழத்தமிழில் அதுதான் பெயர். பாலத்தோடு ஏ-32 வீதியும் திருத்தப்பட, யாழ்ப்பாணத்தவருக்கு இரண்டாவது வழி கிடைத்தது. பூநகரிக் கோட்டை, முழங்காவில், விடத்தல்தீவு என்று மேற்குக் கரையோரமாகவே இறங்கினால் திருக்கேதீச்சரத்தைத் தொட்டுக்கொண்டு மன்னாரை அடையலாம். தள்ளாடியிலிருந்து தீவுக்குப் போகும் தாம்போதியின் இரு பக்கமும் வங்காலைப் பறவைகள் சரணாலயம், 2010 முதல் அதுவும் ராம்சார் ஈரநிலம். பருவ காலத்தில் பூநாரைகள் நிற்கும்போது வான்கள் வரிசையாக ஓரங்கட்டுகின்றன. இளையவர்கள் பறவையைப் படம் பிடிக்கிறார்கள். முதியவர்களின் பேச்சு பெரும்பாலும் கிளாலிப் படகுக்குத் திரும்பிவிடும்.

இலங்கையின் தெற்கில் மட்டும் தமிழ்நாட்டின் கதை அப்படியே நடந்திருக்கிறது. 2011 நவம்பரில் கொழும்பையும் காலியையும் இணைத்துத் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறந்தது. மூன்று மணிநேரப் பயணம் ஒரு மணிநேரமாகச் சுருங்க, கடலை ஒட்டிய பழைய காலி வீதி ஆற அமரப் போகிறவர்களின் வழியாக மாறிவிட்டது.

பயணம் செய்யும் விதமும் கரைக்குக் கரை மாறும். தமிழ்நாட்டில் ஐந்து பேர் கொள்ளும் சொந்தக் கார், அல்லது இருவர் போகும் பைக். டீக்கடை, பரோட்டாக் கடை என்று வழியில் கிடைப்பதைச் சாப்பிடுவார்கள். வடக்கில் வாடகைக்குப் பிடித்த ஹையேஸ் வான், பெரியம்மா, சித்தப்பா பிள்ளைகள் என்று பன்னிரண்டு, பதினான்கு பேர். விடியப்புறமே கட்டிய சோற்றுப் பார்சல் மடியில் இருக்கும். கட்டுக்கரைக் குளம் மாதிரித் தண்ணீர் கண்ட இடத்தில் குளித்து, மரநிழலில் பார்சலைப் பிரித்தால்தான் ‘ட்ரிப்’ நிறைவாகும். பௌர்ணமி தோறும் வரும் போயா விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் மூன்று நாள் சேர்ந்துவிடும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து உறவினர் வந்து இறங்க, வான் கிடைப்பதே பாடு.

மலையேறும்போது இரு நாட்டவருமே வளைவை எண்ணுகிறார்கள். கொல்லிமலைக்கு எழுபது, வால்பாறைக்கு நாற்பது, ஏற்காட்டுக்கு இருபது. வால்பாறைச் சாலையின் ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில் ஆழியாறு அணையைப் பார்க்க இறங்காத வண்டி குறைவு. கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் வீதிக்குப் பெயரே பதினெட்டு வளைவு. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குக் கண்டியால் போகாமல் ஹற்றனால் போகிறவர்களுக்கு டெவன், சென்கிளயர் அருவிகள் வீதியிலிருந்தே தெரியும்.

சாமியைக் கும்பிடாமல் இரு நாட்டிலும் வண்டி நகராது. திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு வளைவுகளில் ஏறும் முன் அடிவாரத்துப் பண்ணாரி அம்மனிடம் நிற்பார்கள். ஏ-9இல் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் சரை (வேர்க்கடலைப் பொட்டலம்) வாங்கிக்கொண்டுதான் மேலே போவார்கள். பூநகரியால் போனால் முறிகண்டி வராது. “பிள்ளையாரைக் கும்பிடாமல் போறதோ?” என்று வானில் ஒரு குரல் எழும்பும்போது, போகேக்க பூநகரியால, வரேக்க ஏ-9ஆல என்று முடிவாகும்.

சுற்றுவழிக்குத் தடைகளும் வந்திருக்கின்றன. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். வனவிலங்குகளைக் காக்க 2022 பிப்ரவரியிலிருந்து திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. இலங்கையில் 2022 ஜூலையில் கியூஆர் அட்டைக்கே பெற்றோல் கிடைத்தது, தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்தப் பங்கீடு முடிந்த 2023 செப்டம்பர் வரை சுற்றிப்போக நினைத்தவர்கள் முதலில் லீற்றர்க் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஆலம்பரை வழியாகப் போகும் ஈ.சி.ஆரும் இப்போது நாலுவழியாகிறது. ஊர்களையும் உப்பளங்களையும் அது விலக்கிவிடாமல் இருக்க வேண்டுமே என்ற கவலை, அந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் பழகியவர்களுக்கு உண்டு.

இரு நாட்டின் சுற்றுவழிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி முடியும் இடம் ஒன்று இருக்கிறது. 1964 புயல் அழித்த தனுஷ்கோடிக்கு 2017 ஜூலையில் தார்ச்சாலை திறந்த பிறகு, ராமேஸ்வரம் வருகிறவர்கள் அரிச்சல்முனை வரை காரிலேயே போகிறார்கள். எதிர்க்கரையில், போரில் அழிந்த ரயில் பாதை 2015இல் தலைமன்னாருக்குத் திரும்பியது. மடுவுக்கு வந்த வான்களில் சில அந்தப் பழைய இறங்குதுறை வரை போகின்றன. 1914இல் சென்னையிலிருந்து ரயிலும் கப்பலும் மறுபடி ரயிலுமாகக் கொழும்புக்குப் போன வழி இது. இடையில் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் கடல். அரிச்சல்முனையில் கார்கள் சிங்கத் தூணை வட்டமடித்துத் திரும்புகின்றன. தலைமன்னாரில் கரையில் நிற்கும் பிள்ளைகள் இந்தியா தெரிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்க்க, சாரதி ஹோர்ன் அடிக்கிறார், இருட்ட முதல் ஏ-9ஐப் பிடிக்க வேண்டும்.