மருதிக்கு யார் நேரம் குறித்தார்கள்?

அகநானூற்றின் 222ஆம் பாடலில் பரணர் ஒரு நீர்விழாவைச் சொல்கிறார். கழார்ப் பெருந்துறையில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டனத்தியின் அழகை விரும்பிக் காவிரி அவனை இழுத்துக்கொண்டு போகிறாள். ஆதிமந்தி அவனைத் தேடி அலைகிறாள். மருதி என்பவள் அவனை ஆதிமந்திக்குக் காட்டிவிட்டுக் கடலில் புகுந்துவிடுகிறாள். அவனைக் கடலிலிருந்து மீட்டவளும் மருதியே என்று பின்னாளில் இக்கதையைச் சொன்னவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பாடலைப் பெண்ணாக வாசிக்கும்போது கணக்கு உதைக்கிறது. அத்தியின் எழிலுக்கும் திரண்ட தோளுக்கும் அடைமொழிகள் உண்டு. காவிரிக்குக்கூடத் தாழ்ந்த கருங்கூந்தல் உண்டு. மருதியின் தோளைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாடத்தக்க சிறப்புடையவள் என்று பரணர் அவளைப் போற்றத்தான் செய்கிறார். ஆனால் அந்தச் சிறப்பு நீந்தியதற்கு வந்ததாகத் தெரியவில்லை, விட்டுக்கொடுத்ததற்கு வந்திருக்கிறது.

கல்கியின் பூங்குழலி கோடியக்கரைக் கடலை நன்றாக அறிந்தவள். தனியாகப் படகு விடுகிறவள். ஆனாலும் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களிடம் கேட்டால், அருள்மொழிவர்மனையும் வந்தியத்தேவனையும் கடலிலிருந்து காப்பாற்றியவள் என்றுதான் முதலில் சொல்வார்கள். நான் வாசித்தவரை, தண்ணீரை அறிந்த பெண் தன் திறமைக்கு ஒரு ஆணின் உயிரைச் சான்றாகக் காட்ட வேண்டியிருக்கிறது.

எங்கள் குடவாசலில் இது ஏட்டோடு நிற்கும் விஷயமல்ல. மேட்டூர் திறந்து சோழசூடாமணியில் தண்ணீர் வந்தால் பையன்கள் பாலத்துக் கட்டையிலிருந்து தலைகீழாகப் பாய்வார்கள். பெண்களுக்குப் படித்துறை, இடுப்பளவுத் தண்ணீர், துவைக்கத் துணி. கல்லூரி நீச்சல் அணியில் நான் சேர்ந்தபோது அத்தை கேட்டார்: “ஏன்டி, நீ நீஞ்சி யாருக்கு என்ன புண்ணியம்?”

அணியில் நாங்கள் நான்கு பேர். தொடர் நீச்சலுக்கு நான்கு பேர் வேண்டும். மாற்றுக்கு ஐந்தாமவள் கிடையாது. ஒருத்திக்கு மாதவிலக்கு வந்து இறங்க முடியாமல் போனால் அன்று அணியே இல்லை. கல்லூரியில் குளமும் இல்லை. பக்கத்து நகரத்துக் குளத்தில் பெண்களுக்கென ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் பாதி, பேருந்து தாமதத்திலேயே போய்விடும். போட்டி நாளில் மேடையில் ஏறி நிற்கும்போது பார்வையாளர் பக்கம் சிரிப்புக் கேட்கும். தண்ணீருக்குள் பாய்ந்த பிறகு எதுவும் கேட்காது. சுவரைத் தொட்டதும் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்வார். நான் பெரும்பாலும் கடைசி. ஆனாலும் 50 மீட்டரில் என் நேரம் ஓராண்டில் 54 விநாடியிலிருந்து 49 ஆனது. அந்த ஐந்து விநாடியால் யாரும் கரையேறவில்லை. அத்தை கேட்ட புண்ணியம் அதில் இல்லை. என் உடலைப் பற்றி, அதன் நிறத்தையோ அடக்கத்தையோ சொல்லாமல், அது செய்ததை மட்டும் சொன்ன முதல் கணக்கு அது.

பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் வேண்டும் என்று இன்று சொல்பவர்கள் உயிர்காப்பைக் காரணமாகச் சொல்கிறார்கள். கனமான காரணம்தான். 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக ஆக்ஸ்ஃபாம் 2005இல் எழுதியது. ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தார்கள், பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள் என்பவற்றோடு, பெண்களுக்கு நீச்சல் கற்றுத்தரப்படாததும் அப்போது பேசப்பட்டது. ஆனால் இந்தக் காரணத்தோடு மட்டும் நின்றால், மிதக்கத் தெரிந்ததும் பெண்ணின் நீச்சல் முடிந்துவிடும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்ற கேள்விகள் ஆண்களிடமே தங்கிவிடும்.

ஒலிம்பிக்கில் அதுதான் நடந்தது. பெண்கள் நீச்சல் 1912இல் சேர்க்கப்பட்டது. 1926இல் கெர்ட்ரூட் எடர்லி ஆங்கிலக் கால்வாயை அதுவரை கடந்த எல்லா ஆண்களையும்விட வேகமாகக் கடந்தார். 1959இல் கல்கத்தாவின் ஆரத்தி சாஹா, ஆசியப் பெண்களில் முதலாவதாக, அதைக் கடந்தார். ஆனால் ஆண்களுக்கு 1908 முதல் இருந்த 1500 மீட்டர் போட்டி பெண்களுக்குக் கிடைத்தது டோக்கியோவில், 2021இல். கடலைக் கடந்து காட்டிய பிறகும், குளத்தில் 30 நீளம் போக அனுமதி பெற இத்தனை காலம் ஆனது. திறமை தெரியாமல் நடந்த தாமதமல்ல இது. பெண்ணின் நேரத்தைக் குறித்துவைப்பது அவசியம் என்று யாரும் நினைக்கவில்லை.

மருதியைத் தியாகத்தின் உருவமாக எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கும் மாணவிகள், அவள் எவ்வளவு தூரம் நீந்தியிருப்பாள் என்றும் ஒரு வரி எழுதட்டும். இலக்கிய வகுப்பில் அந்தக் கேள்வி போதும். அதற்கு வெளியே வேண்டியது இன்னும் எளியது: விடிகாலைப் பேருந்து, பெண்களுக்கு முழுதாக ஒரு மணி நேரம், அணிக்கு ஐந்தாவது ஒருத்தி.