தச்சனின் கூலி

டெப்பி மக்கோம்பரின் ‘தி இன் அட் ரோஸ் ஹார்பர்’ (2012) போன்ற ஒரு நாவலைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்குக் கசக்கும். குப்பை என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்ளலாமே என்பார்கள். முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் எதனால் குப்பை என்று சொல்லியாக வேண்டும். சுபமான முடிவு என்பது காரணமாகாது. அது அந்த வகையின் யாப்பு. 1980இல் தொடங்கிய அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம், நம்பிக்கை தரும் முடிவைத் தன் இலக்கணத்திலேயே ஒரு நிபந்தனையாக வைத்தது. வெண்பாவின் ஈற்றடி முச்சீராக இருக்கிறதே என்று யாரும் குறைப்படுவதில்லை.

கதை எளிது. கணவன் ஆப்கானிஸ்தானில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோகிறான். ஜோ மேரி ரோஸ் சியாட்டிலில் பார்த்த வங்கி வேலையை விட்டுவிட்டு, செடார் கோவ் என்ற கடலோரச் சிற்றூரில் ஒரு தங்கும் விடுதியை வாங்குகிறாள். மரவேலை, தோட்டவேலை எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் ஒரு ஆள்: மார்க் டெய்லர். முசுடு. தன்னைப் பற்றிப் பேசாதவன். ஐந்து நாவல்கள் நீளும் வரிசையின் அடிநாதம் இந்த இருவர்தான். முதல் நாவலில் ஜோ மேரியின் அத்தியாயங்கள் தன்மையில் சொல்லப்படுகின்றன, விருந்தினர்களுடையவை படர்க்கையில். மார்க்கின் தலைக்குள் மட்டும் நமக்கு இடமில்லை. அவன் கைகளைப் பார்க்கிறோம். அந்தக் கைகள் என்ன நினைத்தன என்பது வந்தவளுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது.

பிரபுவும் மருத்துவனும் இருந்த இடத்துக்குத் தச்சன் வந்தது ஏன்? ஜானிஸ் ராட்வே 1984இல் ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ என்ற தன் நூலில் அமெரிக்க ஊர் ஒன்றின் காதல் நாவல் வாசகிகளோடு பேசி எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் கேட்டது தங்கள்மேல் கவனம் வைக்கும் ஆணை. நாள் முழுதும் பிறரைக் கவனித்துச் சலித்த பெண்கள் அவர்கள். இழைப்புளியைப் பொறுமையாகத் தள்ளும் கை, பெண்ணையும் அப்படித்தான் தொடும் என்பது ஒரு நியாயமான கனவு. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

நாவலில் உண்மையான விஷயம் ஒன்று இருக்கிறது. ஆசிரியைக்கே அதன் அருமை தெரியவில்லை என்று படுகிறது. மார்க் தாமதக்காரன். புல்தரையைக் கொத்திப் போட்டுவிடுகிறான், ரோஜாத் தோட்டம் சொன்ன தேதிக்கு முடிவதில்லை, அவள் கொதிக்கிறாள். வீட்டில் ஒரு கதவு வைக்க ஆள் பிடித்தவர்களுக்கு இது புரியும். தாமதம்தான் கைவினைஞனின் ஒரே அதிகாரம். பணம் அவளிடம், பொழுது அவனிடம். இந்த இழுபறியில் ஒரு நாவலே இருந்தது. மக்கோம்பர் அதை ஊடலாக்கிக் கடந்துபோகிறார்.

அதைவிட மோசம் பிறகு வருவது. நான்காவது நாவலான ‘சில்வர் லைனிங்ஸ்’ஸில் (2015) மார்க் ஒரு பழைய சிப்பாய் என்று தெரிகிறது. இராக்கில் தன் உயிரைக் காத்த ஒருவனையும் அவன் குடும்பத்தையும் மீட்பதற்காக ஊரை விட்டுப் போகிறான். செடார் கோவுக்கு மாதிரி ஆசிரியை வாழும் போர்ட் ஆர்ச்சர்ட். எதிர்க்கரையில் பிரெமர்ட்டன் கடற்படைக் கப்பல் பட்டறை. அந்த மண்ணில் சிப்பாய் முளைப்பது இயல்புதான். ஆனால் இறந்த கணவனும் சிப்பாய், வருகிறவனும் சிப்பாய் என்றால் இடையில் இருந்த தச்சன் எங்கே போனான்? தச்சு ஒரு மாறுவேடம் என்றாகிறது. தச்சன் தச்சனாக மட்டும் இருந்து காதலிக்கப்பட இந்த வகை அனுமதிப்பதில்லை. பொய் இங்கே இருக்கிறது, முடிவில் இல்லை.

தாமஸ் ஹார்டியின் ‘தி உட்லேண்டர்ஸ்’ (1887) இதே முக்கோணத்தைக் கையாள்கிறது. ஹார்டியின் தகப்பனார் கட்டடக் கொத்தனார். மகனுக்குக் கூலியின் கணக்கு தெரியும். காட்டூருக்கு வந்து சேர்ந்தவர்கள் டாக்டர் ஃபிட்ஸ்பியர்ஸும் சீமாட்டி சார்மண்டும். மரவியாபாரியின் மகள் கிரேஸ், படித்துத் திரும்பியதாலேயே பாதி அந்நியமாகிவிட்டவள். உள்ளூர்க்காரன் ஜைல்ஸ் வின்டர்போர்ன்: கன்று நடுவான், ஆப்பிள் மது பிழிவான். அவன் நட்டால் வேர் பிடிக்கும். இவ்வளவுக்கும் அவன் குடியிருப்பின் பாத்தியதை சவுத் என்ற கிழவனின் ஆயுள்வரைதான். தன் வீட்டெதிரே நிற்கும் மரம் தன்னைக் கொன்றுவிடும் என்று கிழவன் பயப்படுகிறான். டாக்டர் அதை வெட்டச் சொல்கிறார். வெட்டவெளியைப் பார்த்த அதிர்ச்சியில் கிழவன் சாகிறான். வீடு சீமாட்டியின் பண்ணைக்குப் போகிறது, ஜைல்ஸின் கல்யாணமும் அதோடு போகிறது. புதிதாக வந்தவனின் ஒரு யோசனை, ஒரு மரம், ஒரு குத்தகை. இவ்வளவு கச்சிதமாகப் பொருளாதாரத்தைக் காதலுக்குள் வைத்த நாவல்கள் அதிகமில்லை. ஹார்டி தற்செயல்களை அளவுக்கு மீறி அடுக்குவார் என்பது வாஸ்தவம். இந்த இடத்தில் அந்தக் குறை உறுத்தவில்லை.

உண்மையில் நாவல் மார்ட்டியுடையது. அதே கிழவனின் மகள். நோயாளித் தகப்பனுக்குப் பதில் இரவெல்லாம் விழித்துக் கூரை வேய்கிறவர்களுக்கான குச்சிகளைச் சீவுகிறாள். இரண்டு தங்க நாணயத்துக்குத் தன் கூந்தலை விற்கிறாள். அது சீமாட்டியின் தலைக்குப் போகிறது. ஜைல்ஸ் கன்று நடும்போது பிடித்துக்கொண்டு நிற்பவள் இவள்தான். அவன் இவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கணவனிடமிருந்து தப்பி வந்த கிரேஸுக்குத் தன் குடிசையைக் கொடுத்துவிட்டு மழையில் கிடந்து அவன் சாகிறான்.

கிரேஸ் பிறகு டாக்டரிடமே திரும்பிவிடுகிறாள். கல்லறையில் மிஞ்சுவது மார்ட்டி. அவனுடைய அழகையோ குணத்தையோ அவள் முதலில் சொல்வதில்லை. கன்று நடுவது, குச்சி பிளப்பது, பழம் பிழிவது என்று வேலைகளின் பெயரைச் சொல்லித்தான் அவனை நினைக்கிறாள்.